சம்பவ இடத்தில் முதலில் கைகட்டி நிற்கப் பழகுங்கள்: விரல்ரேகைப் பணி பற்றி ஒரு பதில்

வேதியியலில் முதுகலை முடித்த ஒரு பெண் கேட்டிருக்கிறார்: "காவல்துறையின் விரல்ரேகைப் பிரிவில் உதவி ஆய்வாளராகச் சேர விரும்புகிறேன். பிணம், ரத்தம், ராத்திரி வேலை என்று வீட்டில் பயப்படுகிறார்கள். வேலை உண்மையில் எப்படி இருக்கும்? படித்த வேதியியல் அங்கே பயன்படுமா? மரியாதை உண்டா?"

அந்தப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில், நீங்கள் எந்த வாசலில் நிற்கிறீர்கள் என்பது தெளிவாக வேண்டும். தொலைக்காட்சியில் ஒரே ஆள் ரேகை எடுப்பார், ரத்தத்தைச் சோதிப்பார், துப்பாக்கிக் குண்டை ஆராய்வார், கடைசியில் குற்றவாளியையும் துரத்திப் பிடிப்பார். தமிழ்நாட்டில் இவை தனித்தனி வேலைகள். விரல்ரேகைப் பிரிவு காவல்துறைக்கு உள்ளேயே, மாநில குற்ற ஆவணக் காப்பகத்தின் கீழ் இருக்கிறது. சீருடைப் பணியாளர் தேர்வாணையம் வழியாக, அறிவியல் பட்டம் பெற்றவர்களை உதவி ஆய்வாளர்களாக எடுப்பார்கள். ரத்தம், விஷம், வெடிபொருள், டி.என்.ஏ. போன்றவை தடய அறிவியல் துறையின் பொறுப்பு. 1849-இல் சென்னையில் ரசாயனப் பரிசோதகரின் ஆய்வகமாகத் தொடங்கிய நெடிய மரபு அதற்கு உண்டு. அங்கே போக அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் இளநிலை அறிவியல் அலுவலர் தேர்வை எழுத வேண்டும். ஆய்வகமே பிடித்தமானது என்றால் அந்த வழி. பூட்டு உடைந்த வீட்டின் தரையில் மண்டியிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் தேடத் துணிவு இருந்தால் எங்கள் வழி.

வீட்டாரின் பயத்துக்கு ஒரு செய்தி: எங்கள் வேலையில் பெரும்பகுதி கொலை அல்ல, திருட்டு. ஊருக்குப் போய்த் திரும்பியவர் பார்க்கும் திறந்த பீரோ, ஷட்டர் நெம்பப்பட்ட நகைக்கடை, உண்டியல் உடைந்த கோயில். நாங்கள் போய்ச் சேரும்போது அந்த வீட்டில் எங்களுக்கு முன்பே இருபது பேர் நடந்திருப்பார்கள். பக்கத்து வீட்டார், சித்தப்பா, மாமா, ரோந்துக் காவலர். ஒருமுறை அந்த வீட்டுப் பாட்டி வாசல் தெளித்துக் கோலமும் போட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. விடிந்ததும் அதைச் செய்துதான் அவருக்குப் பழக்கம்.

அங்கே போனதும் பெட்டியைத் திறக்காதீர்கள். என் மேலதிகாரி ஒருவர் எனக்குக் கற்றுத் தந்தது இது: வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் நில். வந்தவன் எந்தப் பக்கம் வந்தான், எங்கே இருட்டு, எதை நகர்த்தினால்தான் அடுத்த இடத்துக்குப் போயிருக்க முடியும் என்று பார். பீரோவின் கைப்பிடியில் வீட்டார் எல்லோருடைய ரேகையும் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடக்கும். அதில் பவுடரைக் கொட்டி நேரத்தை வீணாக்காதே. இழுப்பறையின் உள்பக்கம், நகை டப்பாவின் அடி, கழற்றி வைத்த ஜன்னல் கண்ணாடிப் பட்டை, பூஜை அறைச் சொம்பு ஆகியவற்றைப் பார். திருட வந்தவர்களுக்குத் தாகம் எடுக்கும். தண்ணீர் குடித்த எவர்சில்வர் டம்ளர் எத்தனையோ வழக்குகளில் எங்களுக்குக் கைகொடுத்திருக்கிறது.

அந்த ஐந்து நிமிடத்தின் அருமை எனக்கு ஒரு பல்பில் புரிந்தது. ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரின் வீடு. உள்ளே கையுறை போட்டு வேலை செய்திருந்தார்கள். துணி நெசவின் தடம்தான் எங்கும் கிடைத்தது. திரும்பப் போகிற நேரத்தில், வாசலில் ஹோல்டர் மட்டும் தொங்குவதைக் கவனித்தேன். பல்பு துளசி மாடத்தின் ஓரம் கிடந்தது. பல்பைத் திருகும்போது கையுறை வழுக்கியதால் அதைக் கழற்றியிருக்க வேண்டும். கண்ணாடியில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் அச்சாகப் பதிந்திருந்தன. அன்று யாருடையது என்று தெரியவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து வேறு மாவட்டத்தில் வேறு வழக்கில் ஒருவரைப் பிடித்துப் பத்து விரல்களையும் பதிந்தபோதுதான் பொருந்தியது. இந்த வேலையில் பலன் பெரும்பாலும் இப்படித் தாமதமாகவே வரும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது.

இனி உங்கள் வேதியியல். சம்பவ இடத்தில் கிடைக்கும் ரேகையைத் துறைக்குள் 'சான்ஸ் பிரிண்ட்' என்போம். அதிர்ஷ்டம் இருந்தால் கிடைப்பது என்று பொருள் கொண்டாலும் தவறில்லை. கண்ணாடி, பெயின்ட் அடித்த இரும்பு, பீங்கான் போன்ற வழவழப்பான பரப்பில் பவுடரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். காகிதம் உறிஞ்சிவிடும், அங்கே பவுடர் எடுபடாது. வியர்வையில் இருக்கும் அமினோ அமிலங்கள் காகித இழையில் தங்கியிருக்கும். நின்ஹைட்ரின் கரைசல் பட்டால் அவை ஊதா நிறத்தில் எழுந்து வரும். மிரட்டல் கடிதத்தில் அந்த ஊதா நிறம் மெல்லத் தோன்றுவதை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பிளாஸ்டிக் பைகளை மூடிய பெட்டிக்குள் வைத்து, உடனடியாக ஒட்டும் பசையைச் சூடாக்கி ஆவி காட்டுவோம். ரேகை இருக்கும் இடத்தில் அந்த ஆவி வெள்ளையாகப் படிந்து கெட்டியாகும். கிணற்றிலிருந்து எடுத்த பொருளுக்கு ஒரு கரைசல், ஒட்டும் டேப்பின் பசைப் பக்கத்துக்கு ஒரு சாயம், ரத்தத்தில் பதிந்த ரேகைக்கு இன்னொரு சாயம். எதை முதலில் செய்வது என்ற வரிசை தவறினால் அடுத்ததற்கு வழி அடைபட்டுப்போகும். அந்த வரிசையின் காரணம் வேதியியல் படித்தவருக்குப் புரியும், மற்றவர்கள் மனப்பாடம் செய்வார்கள். உங்கள் படிப்பு பயன்படுமா என்ற கேள்விக்கு இதுவே என் பதில்.

எதைச் செய்வதற்கு முன்னும் போட்டோ. அளவுகோலை அருகில் வைத்து எடுக்க வேண்டும். டேப்பில் ஒற்றி எடுக்கும்போது ரேகை கிழிந்து போகலாம், படம் இருந்தால் பிழைத்தோம். ஈரமான ரத்தத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுவது இன்றும் நடக்கிறது. இரண்டே நாளில் பூஞ்சை பிடித்து உள்ளே இருப்பது கெட்டுவிடும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் இட வேண்டும். மழை வரும்போல இருந்தால் கால்தடத்தின் மேல் ஓர் அன்னக்கூடையைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். அதைச் செய்யும் காவலருக்கு அங்கேயே நன்றி சொல்லுங்கள், அடுத்தமுறை நீங்கள் கேட்காமலே செய்வார். சித்திரை வெயிலில் நின்ற கார் மேல் ரேகை அதிக நேரம் தங்காது என்பதால் அந்த மாதங்களில் நான் சாப்பாட்டை ஒத்திவைத்துவிட்டுப் போவேன்.

பிறகு, அந்த வீட்டில் உள்ள எல்லோருடைய ரேகையையும் எடுக்க வேண்டும். எது அவர்களுடையது என்று கழித்தால்தான் மீதி இருப்பது அந்நியனுடையது. நகையைப் பறிகொடுத்த வீட்டில் "உங்கள் விரல்களைக் காட்டுங்கள்" என்றால் முகம் மாறிவிடும். நிதானமாக விளக்குங்கள். இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் முதல் சந்தேகம் வேலை செய்யும் அம்மாவின் மேல் விழும். ஒரு வீட்டில் அந்த அம்மா சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவருடைய விரல்களைப் பதிந்தபோது ரேகை சரியாக விழவில்லை. சோப்பும் சாம்பலும் பல ஆண்டுகளாகத் தேய்த்துவிட்டிருந்தன. ரேஷன் கடையில் ரேகை விழாமல் திரும்பி வரும் முதியவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதே நிலைதான். மூன்று முறை துடைத்துப் பதிந்தேன். பீரோவுக்குள் இருந்த ரேகை அவருடையது அல்ல. அது வீட்டு உறவினர் ஒருவருடையது என்று பிறகு தெரிந்தது. இருபத்தாறு ஆண்டுகளில் நான் செய்த நல்ல காரியங்களை எண்ணச் சொன்னால் இதைத்தான் முதலில் எண்ணுவேன்.

இந்தக் கலை நம் நாட்டில் வளர்ந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உலகின் முதல் விரல்ரேகைப் பிரிவு 1897-இல் கொல்கத்தாவில் தொடங்கியது. பத்து விரல்களின் சுழிகளைக் கொண்டு ரேகைகளை 1,024 பிரிவுகளாக அடுக்கும் முறை எட்வர்ட் ஹென்றியின் பெயரால் வழங்குகிறது. அதன் கணக்கை வகுத்ததில் பெரும்பங்கு அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய உதவி ஆய்வாளர்களுடையது. நீங்கள் சேர நினைக்கும் அதே பதவி. அடுத்த ஆண்டே, வங்காளத்தின் ஜல்பாய்குரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொலையான வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. ஒரு பஞ்சாங்கத்தின் மேல் இருந்த ரத்தக்கறைப் பெருவிரல் ரேகை, முன்பு திருட்டுக்காகத் தண்டனை பெற்ற பழைய வேலைக்காரனுடையதோடு பொருந்தியது. நீதிமன்றம் திருட்டுக்குத் தண்டித்தது. கொலைக்குத் தண்டிக்கவில்லை. ரேகை அவன் அதைத் தொட்டான் என்று மட்டுமே சொல்கிறது, கொன்றான் என்று சொல்லவில்லை. நூற்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் கோடு அப்படியே இருக்கிறது. அதைத் தாண்டிப் பேசும்படி உங்களைப் பலர் தூண்டுவார்கள்.

ரேகை சொல்லாததைச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு 2004-ஐச் சொல்வேன். ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் ரயில்களில் குண்டு வெடித்தது. வெடிகுண்டுத் தூண்டிகள் இருந்த பிளாஸ்டிக் பையில் ஒரு ரேகை. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கணினித் தொகுப்பில் தேடி, ஆரிகன் மாநில வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டுடையது என்றது. அவர்களுடைய நிபுணர்கள் மூவர் ஒப்புக்கொண்டார்கள். நீதிமன்றம் நியமித்த வெளி நிபுணரும் ஆமாம் என்றார். ஸ்பெயின் காவல்துறை மட்டும் தொடக்கத்திலிருந்தே தயங்கியது. கடைசியில் அது அல்ஜீரிய நாட்டவர் ஒருவருடையது என்று அவர்கள் காட்டினார்கள். மேஃபீல்டு அதற்குள் இரண்டு வாரம் சிறையில் இருந்துவிட்டார். அத்தனை தேர்ந்த கண்கள் எப்படித் தவறின? கோடிக்கணக்கான ரேகைகளில் தேடும்போது, மிக மிக ஒத்திருக்கும் வேறொருவரின் ரேகையைக் கணினி எடுத்து நீட்டும். முதலாமவர் ஆம் என்றது தெரிந்தபிறகு இரண்டாமவரின் கண் ஒற்றுமையையே தேடும். நம் நாட்டிலும் 2022 முதல் 'நாஃபிஸ்' என்ற தேசியத் தொகுப்பு வந்துவிட்டது. அது பெரிய வரம். ஆனால் கணினி தருவது வரிசைப்படுத்திய பட்டியலைத்தான். பொருந்துகிறதா என்று சொல்வது நீங்கள். இங்கே நீண்டகால நடைமுறை எட்டுப் புள்ளிகள், அதாவது ரேகை மேடு முடிகிற அல்லது கிளைக்கிற இடங்கள், ஒத்திருக்க வேண்டும் என்பது. எட்டு ஒத்து, ஒரே ஓர் இடத்தில் விளக்க முடியாத வேறுபாடு இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கோப்பைச் சரிபார்க்கும் சக ஊழியரிடம் உங்கள் முடிவை முன்கூட்டியே சொல்லாதீர்கள். நான் இதைப் பிடிவாதமாகக் கடைப்பிடித்தேன்.

நீதிமன்றத்துக்குத் தயாராவது பாதி வேலை. 1970-களில் உச்ச நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில், வெட்டுக்கத்தியின் பிடியில் இருந்த ரேகையை ஏற்க மறுத்தது. குற்றம்சாட்டப்பட்டவரின் மாதிரி ரேகை நீதித்துறை நடுவரின் முன்னிலையிலோ உத்தரவின்பேரிலோ எடுக்கப்படவில்லை என்பது ஒன்று. நிபுணர் தன் முடிவுக்குக் காரணமே எழுதவில்லை என்பது இன்னொன்று. ஆகவே "பொருந்துகிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போக முடியாது. பெரிதாக்கிய இரண்டு படங்களில் ஒவ்வொரு புள்ளியையும் எண்ணிட்டுக் காட்ட வேண்டும். குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் கேட்பது பெரும்பாலும் ரேகையைப் பற்றி இருக்காது. எத்தனை மணிக்குப் போனீர்கள், சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரில் அந்த டம்ளர் ஏன் இல்லை, கைப்பற்றிய நாளுக்கும் படிவம் 95-இல் நீதிமன்றத்துக்கு அனுப்பிய நாளுக்கும் நடுவில் அது எங்கே இருந்தது என்றுதான் கேட்பார்கள். அவர் கேட்பது சரியான கேள்விகள். கோபப்படாதீர்கள். சம்பவ இடத்திலேயே, முழங்காலில் வைத்தாவது, நேரத்தோடு குறிப்பு எழுதுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போவதையும் வீடியோ எடுப்பதையும் கட்டாயமாக்குகிறது. மாநிலங்கள் அதை முழுமையாக்க ஐந்தாண்டு அவகாசம் உண்டு. இந்தத் துறையில் ஆட்களின் தேவை கூடத்தான் போகிறது.

சரி, பிணம். பார்க்க நேரிடும், மறைக்க விரும்பவில்லை. அடையாளம் தெரியாத உடலுக்குப் பெயர் கொடுப்பது எங்கள் கடமைகளில் ஒன்று. நீரில் ஊறிச் சுருங்கிய விரல் நுனியில் ஊசியால் திரவம் ஏற்றி மேடாக்கிப் பதிவோம். தோல் உரிந்து வந்துவிட்டால், கையுறை போட்ட நம் விரலின் மேல் அந்தத் தோலை உறைபோல மாட்டிக்கொண்டு பதிவோம். படிக்கவே கூசும். செய்யும்போது, இதற்காக ஒரு தாய் எங்கோ ஒரு காவல் நிலையத்தில் காத்திருக்கிறாள் என்ற நினைவு கையை நடுங்காமல் வைத்திருக்கும். 1952-இல் இந்தோ-சிலோன் போட் மெயில் ரயிலில் வந்த ஒரு டிரங்குப் பெட்டி, நாற்றம் தாங்காமல் மானாமதுரையில் திறக்கப்பட்டது. உள்ளே தலையில்லாத உடல். சென்னை ராயபுரம் கடற்கரையில் தலை கிடைத்தது. இரண்டும் ஒருவருடையதே என்று மருத்துவக் கல்லூரிப் பரிசோதனை சொன்னது. கொலையானவர் சென்னை வியாபாரி ஆளவந்தார்தான் என்பதை உறுதி செய்ததில், முன்பு ராணுவத்தில் இருந்தபோது பதிவான ரேகைக்கும் பங்கு உண்டு. "இப்போது ஆதாரில் எல்லோர் ரேகையும் இருக்கிறதே, அதில் தேடக் கூடாதா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆதார் சட்டம் ரேகை, கருவிழிப் பதிவுகளை யாருக்கும் தருவதைத் தடுக்கிறது. நமக்கு உள்ளவை குற்ற ஆவணங்களில் உள்ள ரேகைகள் மட்டுமே. அந்தப் பதிவுகளையும் 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி 75 ஆண்டுகள் வரை வைத்திருக்கலாம். முன்பு தண்டனை பெறாத ஒருவர், விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ வழக்கில் விடுதலையானாலோ அழித்துவிட வேண்டும், நடுவர் வேறு உத்தரவு போட்டாலொழிய. அது சரியாக நடக்கிறதா என்று கவனிப்பதும் நம் நேர்மையில் சேர்த்தி என்றே நான் நினைக்கிறேன்.

மரியாதை பற்றிக் கேட்டீர்கள். தொடக்கத்தில் கிடைக்காது. "பவுடர் போட வந்திருக்கிறார்கள்" என்று சிலர் சொல்வார்கள். பெண் என்பதால் இரண்டு மடங்கு நிரூபிக்க வேண்டியிருக்கும், அது அநியாயம்தான். ஒருமுறை ஒரு விசாரணை அதிகாரி, பிடித்து வைத்திருந்த இளைஞனைக் காட்டி, "இவன்தான் சார், ஒப்புக்கொண்டுவிட்டான், நீங்கள் பொருந்துகிறது என்று எழுதினால் முடிந்தது" என்றார். ரேகையில் ஐந்து புள்ளிகளுக்கு மேல் தெளிவில்லை. ஒப்பிடத் தகுதியற்றது என்று எழுதிக் கொடுத்தேன். ஓராண்டு அவர் என்னோடு பேசவில்லை. அதன்பிறகு சிக்கலான வழக்கு வந்தபோதெல்லாம் என்னைத்தான் கேட்டு அழைத்தார். அந்தப் பிரிவில் மரியாதை வருகிற வழி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

சேர்ந்தபின் காவல் பயிற்சியும் அதன்பிறகு விரல்ரேகைப் பயிற்சியும் உண்டு. மத்திய விரல்ரேகைப் பிரிவு நடத்தும் அகில இந்திய நிபுணர் தேர்வையும் எழுதுங்கள், சாட்சிக் கூண்டில் தகுதியைக் கேட்கும்போது அது பேசும். அறிவிப்பு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஒரு பூதக்கண்ணாடியும் ஸ்டாம்ப் மையும் வாங்கி, வீட்டில் இருக்கும் எல்லோருடைய பத்து விரல்களையும் வெள்ளைத்தாளில் உருட்டிப் பதியுங்கள். வளையம் எது, சுழி எது, வில் எது என்று பிரியுங்கள். மேடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்று பென்சில் நுனியால் எண்ணுங்கள். பிறகு அவர்களில் யாராவது ஒருவரைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் குடிக்கச் சொல்லி, யார் என்று கேட்காமல், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் கண்டுபிடிக்கப் பாருங்கள். அம்மாவின் வலது பெருவிரலில் ரேகை தேய்ந்து, பழைய அரிவாள்மனைத் தழும்பு ஒன்று குறுக்கே ஓடினால் அதையும் நாளோடு குறித்து வையுங்கள்.